எங்கள் குளத்து வாத்துகளும் ஒரு மக்காச்சோள டிரம்மும்

ஹூஸ்டனுக்கு மேற்கே, கேட்டி என்கிற ஊரைத் தாண்டி நிலம் வாங்கிப் போகும் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி: “உங்க குளத்துக்கு மட்டும் எப்படிங்க இவ்வளவு வாத்து வருது? அந்த ஃபீடர் எங்க வாங்கினீங்க?”

வாத்துக்குத் தீனி விசிறும் அந்த ஃபீடரை வாங்கிய கடையைச் சொல்வது ஒரு நொடி வேலை. அதை எங்கே வைப்பது, எவ்வளவு கொட்டுவது, முக்கியமாக எப்போது அணைப்பது என்பதைச் சொல்லத்தான் நேரம் வேண்டும். போனில் அரைகுறையாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் குளம் முக்கால் ஏக்கர் இருக்கும். முன்பு இந்த நிலத்தில் மாடு வளர்த்தவர்கள் தண்ணீர் காட்டுவதற்காக வெட்டியது. டெக்சஸில் பண்ணைக் குளத்தை டேங்க் என்றுதான் சொல்வார்கள். மூன்று பக்கம் செங்குத்தான கரை. வடக்குப் பக்கம் மட்டும் சரிவாக, கால் வைத்தால் கணுக்கால் ஆழத்தில் ஆரம்பித்து மெதுவாக இறங்கும். வாத்து விஷயத்தில் அந்த வடகரைதான் எல்லாமே. எங்கள் குளத்துக்கு முதலில் வந்த வாத்துகள் அங்கேதான் இறங்கின, இன்றைக்கும் அங்கேதான் இறங்குகின்றன.

ஃபீடர் என்பது பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை. மூன்று கால் ஸ்டாண்டில் ஒரு டிரம். டிரம்மின் அடியில் புனல் மாதிரி ஒரு வாய், அதற்குக் கீழே ஒரு சுழலும் தட்டு, தட்டைச் சுற்ற ஒரு சின்ன மோட்டார், ஒரு டைமர், ஒரு பேட்டரி, பேட்டரியை உயிரோடு வைத்திருக்க உள்ளங்கை அளவு சோலார் பலகை. குறித்த நேரம் வந்ததும் தட்டு சுற்றி, விழுகிற தானியத்தை நாலாபக்கமும் விசிறும். இங்கே மான் வேட்டைக்காரர்கள் காடு முழுக்க இதைத்தான் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். டெக்சஸில் தனியார் நிலத்தில் மானுக்கு மக்காச்சோளம் போட்டுச் சுடுவது சட்டப்படி சரி. அதனால் எந்தத் தீனிக்கடைக்குப் போனாலும் ஃபீடரும், 50 பவுண்டு மக்காச்சோள மூட்டையும் வாசலிலேயே இருக்கும். வாத்துக்கும் அதே இயந்திரம்தான். ஆனால் வாத்துக்கான சட்டம் வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

வைக்கும் இடம்தான் முதல் காரியம். எங்கள் ஊர்ப் பக்கத்துக் குளம் ஒன்றில் ஃபீடரை நட்டநடுத் தண்ணீரில் மேடை கட்டி நிறுத்தியிருந்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் அங்கே தண்ணீர் ஆளுயரம். இந்த வாத்துகள் முக்குளித்துப் போய் அடியில் தேடுகிற ஜாதி இல்லை. தலையைத் தண்ணீருக்குள் விட்டு, வாலை மேலே தூக்கி, கழுத்து எட்டுகிற ஆழம் வரைதான் மேயும். ஓர் அடி ஆழம் என்றால் சுகமாக மேயும். ஒன்றரை அடிக்கு மேல் போனால் அதற்குச் சிரமம். எட்டாத ஆழத்தில் விழுந்த மக்காச்சோளம் அங்கேயே ஊறி, அழுகி, தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். பிறகு பாசி, அதற்குப் பிறகு மீன் சாவு. ஆகவே எங்கள் ஃபீடர் வடகரையில், தண்ணீர் ஓரத்திலிருந்து சற்றுத் தள்ளி நிற்கிறது. விசிறுகிற தானியத்தில் பாதி வெட்டிய புல்லில் விழும், பாதி கணுக்கால் தண்ணீரில் விழும். வாத்து மேலேறி நின்றும் தின்னலாம், மிதந்துகொண்டும் தின்னலாம். சுற்றிலும் புல் குட்டையாக இருக்க வேண்டும். உயரமான புதர் பக்கத்தில் இருந்தால் நரிக்கும் காட்டுப்பூனைக்கும் ஒளிய இடம். அதை வாத்து நன்றாகவே அறியும், இறங்காமல் வட்டமடித்துவிட்டுப் போய்விடும்.

அடுத்தது அளவு. பெட்டியில் எழுதியிருக்கும் கணக்கை நம்ப வேண்டாம். தட்டுக்கும் புனல் வாய்க்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு விரல் கூடினால் குறைந்தால் விழும் அளவே மாறிவிடும். நாங்கள் செய்தது இதுதான்: சுழல் தட்டைச் சுற்றி ஒரு பெரிய குப்பைப் பையைக் கட்டினோம். என் கணவர் டெஸ்ட் பட்டனை அழுத்த, நான் பையின் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். உள்ளே மக்காச்சோளம் படபடவென்று அடிக்கும் அடியில் கை அதிர்ந்தது. 5 நொடி ஓடி நின்றதும் பையை அவிழ்த்துச் சமையலறைத் தராசில் வைத்தோம். முக்கால் கிலோ. அப்படியென்றால் நொடிக்கு 150 கிராம். அதிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டோம். காலையில் விடிந்ததும் ஒரு வீச்சு, சாயங்காலம் பொழுது சாய்வதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வீச்சு. கால் மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் தரையில் ஒன்றிரண்டு மணிக்கு மேல் கிடக்கக் கூடாது. கிடந்தால் நொடியைக் குறைத்துவிடுவோம். வாத்து அதிகமாக வருகிறதே என்று நொடியைக் கூட்டுவதில்லை. அதற்கான காரணம் வயிறு மட்டும் இல்லை, நோயும்தான்.

தானியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மக்காச்சோளம் மலிவு, ஃபீடரில் சிக்காமல் விழும், இங்கே வரும் சீழ்க்கைச் சிறகி என்கிற வாத்துகளுக்குக் கொள்ளைப் பிரியம். ஆனால் அதில் புரதம் 8, 9 சதவீதம்தான். முட்டையிடப் போகிற பெட்டைக்கும், பொரித்து வந்த குஞ்சுக்கும் வேண்டியது புழு, பூச்சி, நத்தை. அதைக் குளம்தான் கொடுக்க வேண்டும், டிரம் கொடுக்காது. இங்கே மைலோ என்று விற்கும் நம்மூர்ச் சோளத்தை நான் பாதிக்குப் பாதி கலக்கிறேன். மணி சிறியது என்பதால் சின்ன வாத்துகளும் எளிதாக எடுக்கின்றன.

ஈரம் மட்டும் ஆகவே ஆகாது. மக்காச்சோளத்தில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் என்கிற நஞ்சு உண்டாகும். மனிதர் உண்ணும் பொருளில் அமெரிக்கா அனுமதிக்கிற அளவே 100 கோடியில் 20 பங்குதான் என்றால் அதன் வீரியம் புரியும். நஞ்சு தவிர, பூஞ்சையின் தூள் மூச்சில் போய் வாத்தின் நுரையீரலைக் கெடுக்கும் நோயும் உண்டு. பூசணம் பிடித்த தானியக் குவியலைத் தின்று காட்டு வாத்துகள் கூட்டமாகச் செத்த சம்பவங்கள் இந்த நாட்டில் பதிவாகியிருக்கின்றன. மெக்சிகோ வளைகுடாக் கடலிலிருந்து அடிக்கும் காற்றில் இங்கே எப்போதும் ஈரம். டிரம்மை நிரப்பி வைத்துவிட்டு மறந்துபோவதற்கான ஊர் இது இல்லை. நான் ஒரு வாரத்துக்கு ஆகிற அளவுதான் போடுவேன். மூடியைத் திறந்ததும் கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்ப்பேன். நல்ல மக்காச்சோளத்தில் மாவு வாசம் வரும். புழுங்கின துணி வாசம் வந்தால் அத்தனையும் குப்பைக்கு.

சரி, யார் வந்தார்கள்?

முதலில் வந்தவை கறுப்பு வயிற்றுச் சீழ்க்கைச் சிறகிகள். இங்கிலீஷில் பிளாக் பெல்லீட் விசிலிங் டக். ஒருகாலத்தில் டெக்சஸின் தென்கோடியில், மெக்சிகோ எல்லைப் பக்கம் மட்டும் இருந்த பறவை. சில பத்தாண்டுகளாக வடக்கே பரவிக்கொண்டே வருகிறது. இப்போது ஹூஸ்டன் புறநகரில் வீட்டுக் கூரை மேலும், மின்கம்பத்திலும், தேவாலயத்துக் கோபுரத்திலும்கூட நிற்கும். பவளச் சிவப்பில் அலகு, வெளிறிய ரோஜா நிறத்தில் நீளக் கால், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், கருகருவென்று வயிறு. பறக்கும்போது இறக்கையில் அகலமான வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரியும். பெயருக்கு ஏற்ற மாதிரி சீழ்க்கை அடித்துக்கொண்டேதான் பறக்கும், அதுவும் ராத்திரியில்.

போன கோடையில் அம்மா வந்திருந்தார். மதுராந்தகம் ஏரிக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். முதல் நாள் சாயங்காலம் பின்கட்டில் காபியோடு உட்கார்ந்திருந்தவர், பெக்கான் மரத்தை அண்ணாந்து பார்த்து, “என்னடி இது, நம்ம ஏரிச் சிறகி மாதிரியே கத்துது, ஆனா மூக்கு இப்படிச் செவந்து கெடக்கு!” என்றார். அம்மா சொன்னது சரிதான். நம் ஏரிகளில் இருக்கும் சீழ்க்கைச் சிறகியும் இதுவும் ஒரே பேரினம். இரண்டும் மரத்தில் உட்காரும், இரண்டும் மரப்பொந்தில் முட்டையிடும், இரண்டுக்கும் நெல் வயல் என்றால் உயிர். அம்மா இங்கே தங்கியிருந்த வரைக்கும் சாயங்காலம் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டதும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வார். வாத்துகள் மோட்டார் சத்தத்துக்கு முன்னாலேயே வந்து கரையில் வரிசை கட்டி நிற்கும். டைமரை நேரம் மாற்றி வைத்தாலும் சில நாளில் கண்டுபிடித்துவிடுகின்றன.

தீனிக்கு வருகிற வாத்து தங்க வேண்டும் என்றால் கூடு வேண்டும். என் கணவர் தேவதாரு மரப் பலகையில் இரண்டு கூண்டுகள் அடித்து, தண்ணீருக்குள் இரும்புக் கம்பம் நட்டு அதன்மேல் வைத்தார். கம்பத்தில் தகரக் கூம்பு மாட்டியே ஆக வேண்டும். இங்கே எலிப்பாம்பு வழுவழுப்பான கம்பத்திலும் ஏறி முட்டையை விழுங்கிவிடும், ரக்கூன் என்கிற மரமேறும் விலங்கு அதைவிட மோசம். வுட் டக் என்கிற மரவாத்துக்கு வாசல் 4 அங்குல அகலம், 3 அங்குல உயரத்தில் முட்டை வடிவமாக இருந்தால் போதும். சிறகிக்குச் சற்றுப் பெரிதாக வேண்டும். உள்ளே நான்கு அங்குலத்துக்கு மரச்சீவல் போட்டுவிட வேண்டும். சிறகிகள் மற்ற வாத்துகள் மாதிரி நெஞ்சுத் தூவியைப் பிடுங்கிக் கூட்டில் பரப்புவதில்லை. வெறும் சீவல்மேல் வெள்ளை வெளேரென்று முட்டையிட்டுவிடும். ஆணும் பெண்ணும் மாற்றி மாற்றி அடைகாக்கும், ஏறக்குறைய நான்கு வாரம். ஒரு பெட்டையின் கூட்டில் இன்னொன்று வந்து முட்டையிட்டுவிட்டுப் போவதும் நடக்கும். அப்படிக் குவிந்த முட்டைகளை யாராலும் அடைகாக்க முடியாது. இரண்டு கூண்டுகளையும் ஒன்றையொன்று பார்க்காதபடி தள்ளி வைத்தால் இது குறையும்.

குஞ்சு பொரித்த மறுநாள் காலையில் அவை கீழே குதிக்கும். தாய் தண்ணீரில் நின்று கூப்பிடும். கூண்டு வாசலில் மஞ்சளும் கறுப்புமாக ஒரு தலை தெரியும், தயங்கும், உள்ளே போகும். மறுபடி எட்டிப் பார்க்கும். அப்புறம் குட்டை இறக்கையை விரித்துக்கொண்டு ஒரே தாவு. தண்ணீரில் விழுந்ததும் ஒரு சின்ன ‘தொப்’. ஒன்று குதித்துவிட்டால் மற்றவை வரிசையாக வரும். என் மகள் அதைப் பார்ப்பதற்காகவே ஸ்கூல் பஸ்ஸை விட்டாள். நானும் ஒன்றும் சொல்லவில்லை. காரில் கொண்டுபோய் விட்டேன்.

குஞ்சுகள் ஃபீடர் பக்கம் வராமல் பாசியிலும் நாணல் ஓரத்திலும் பூச்சி பிடித்துக்கொண்டு திரிந்தன. அதனால் ஃபீடர் வைத்திருக்கிறோமே என்று நாணலை எல்லாம் வெட்டிச் சுத்தம் செய்துவிடாதீர்கள். பூச்சிமருந்தும் அடிக்காதீர்கள்.

அழையா விருந்தாளிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரக்கூன் கால்வழியே ஏறிக் கையால் தட்டைச் சுற்றித் தானியம் கொட்ட வைக்கும். தட்டைச் சுற்றி ஒரு கம்பிக் கூண்டு மாட்டினால் நிற்கும். காட்டுப்பன்றிதான் பெரிய தலைவலி. டெக்சஸில் அவை லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒரே ராத்திரியில் கரையை உழுது போட்டுவிடும், ஸ்டாண்டை முட்டிச் சாய்த்துவிடும். பன்றி தாண்ட முடியாத உயரத்தில், மாட்டு வேலிக் கம்பிவலையால் ஃபீடரைச் சுற்றி அகலமாக வட்டம் போட்டோம். வாத்து மேலிருந்து இறங்கும், பன்றி வெளியே நிற்கும்.

இப்போது சட்டம். கவனமாகப் படியுங்கள், பலருக்கும் இது தெரிவதில்லை.

நாங்கள் வேட்டையாடுவதில்லை. வாத்தைப் பார்ப்பதற்காக என் நிலத்தில் நான் தானியம் போட்டால் அமெரிக்க மத்தியச் சட்டத்தில் அது குற்றம் இல்லை. சில மாநிலங்களிலும் ஊர்களிலும் அதற்கும் தடை உண்டு, அதனால் உங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் தானியம் போட்ட இடத்தில் வாத்தைச் சுடுவது நாடு முழுக்கக் குற்றம். 1918இல் வந்த புலம்பெயர் பறவைகள் ஒப்பந்தச் சட்டத்தின் கீழ் 1935இல் இந்தத் தடை வந்தது. அதற்கு முன்னால் குளத்தில் மூட்டை மூட்டையாகத் தானியம் கொட்டி, காலில் கயிறு கட்டிய வளர்ப்பு வாத்துகளை நடுவில் மிதக்கவிட்டு, நம்பி இறங்கிய காட்டு வாத்துகளைச் சுட்டுத் தள்ளினார்கள். அதே காலத்தில் பெரும் வறட்சியில் வடக்கே அவை முட்டையிடும் குட்டைகள் காய்ந்து போயின. வாத்துகளின் எண்ணிக்கை பயங்கரமாகச் சரிந்த பிறகுதான் தானியத்தையும் கயிறு கட்டிய வாத்தையும் ஒன்றாகத் தடை செய்தார்கள். பசியை வைத்து ஓர் உயிரை வரவழைத்துச் சுடக் கூடாது என்கிற இந்த விதியை நான் மனதார மதிக்கிறேன்.

விதியின் நுணுக்கம் எங்கே இருக்கிறது என்றால், தானியம் முழுக்கத் தீர்ந்த பிறகும் 10 நாளுக்கு அந்த இடம் தீனி போட்ட இடமாகவே கணக்கு. வாத்துக்குப் பழக்கம் விட்டுப்போக அந்த அவகாசம். இத்தனை கஜம் தள்ளியிருந்தால் சரி என்று தூரக்கணக்கு எதுவும் சட்டத்தில் இல்லை. தீனியை நோக்கி வாத்து பறக்கும் வழியில் நின்று சுட்டாலும் மாட்டிக்கொள்ளலாம். அதாவது என் ஃபீடர் என் குளத்தில் ஓடிக்கொண்டிருக்க, வேலிக்கு அந்தப் பக்கம் தன் குளத்தில் நிற்கும் பக்கத்து நிலத்துக்காரர் சிக்கலில் மாட்டலாம். தீனி இருப்பது தெரிந்திருந்தாலோ, நியாயமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று கருத இடமிருந்தாலோ சுட்டவர் பொறுப்பு என்று 1998இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதே திருத்தத்தில், மற்றவர் சுடுவதற்காகவே தானியம் போடுகிறவருக்கு ஓராண்டு வரை சிறை, 1 லட்சம் டாலர் வரை அபராதம் என்றும் வந்தது.

பக்கத்து நிலத்துப் பெரியவர் எண்பதை நெருங்குகிறவர், மாடு வளர்க்கிறார். செப்டம்பரில் அவருடைய பேரன் டீல் என்கிற சின்ன வாத்தைச் சுட வருவான். அதற்கென்று இங்கே செப்டம்பரில் தனியாக ஒரு குறுகிய சீசன் உண்டு. ஃபீடரை நட்டு வைப்பதற்கு முன்பே பெரியவரிடம் போய்ச் சொன்னோம். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்டார். “நீங்க தானியம் போடுறது எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இனிமே தெரியாதுன்னு நான் சொல்ல முடியாது. எப்போ நிறுத்துவீங்க, அதைச் சொல்லுங்க” என்றார். காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு பேசினோம். செப்டம்பர் தொடக்கத்தில் புறா சீசன், அதற்கும் இதே விதி. அப்புறம் டீல். நவம்பரிலிருந்து ஜனவரி கடைசி வரை வாத்து வேட்டையின் முக்கிய சீசன். ஆகவே ஆகஸ்ட் முதல் வாரத்தில் எங்கள் ஃபீடர் நின்றுவிடும். அணைத்தால் மட்டும் போதாது. டிரம்மைக் காலி செய்து, புல்லில் கிடப்பதைக் கூட்டி அள்ளி, தண்ணீர் ஓரத்தையும் கையால் துழாவிப் பார்த்துவிட்டு, இன்றைக்குச் சுத்தம் என்று அவருக்கு ஒரு மெசேஜ். மறுபடி ஓடுவது பிப்ரவரியில்தான். பெரியவரும் தண்ணீர்ப் பக்கமாக நின்ற தன் மான் ஃபீடரைப் பிடுங்கிக் காட்டுக்குள் தள்ளி நட்டுவிட்டார். மான் ஃபீடர் மக்காச்சோளமும் வாத்துக்குத் தீனிதான், யாருக்காகப் போட்டது என்று சட்டம் கேட்காது.

நாங்கள் சுடாவிட்டாலும் ஆண்டுதோறும் டக் ஸ்டாம்ப் வாங்குகிறோம். 25 டாலர். 1934இலிருந்து மத்திய அரசு வெளியிடுகிற முத்திரை. அந்தப் பணத்தில் டாலருக்கு 98 சென்ட் நீர்நிலங்களை வாங்கவும் பாதுகாக்கவும் போகிறது. வேட்டைக்காரர்கள் கட்டாயமாக வாங்குவதை, பார்க்கிறவர்களும் விரும்பி வாங்கலாம்.

அப்படியானால் குளிர்காலத்தில் வாத்து வேண்டாமா என்று கேட்பீர்கள். வடக்கிலிருந்து வாத்து வருவதே அப்போதுதானே. வேண்டும். அதற்கு வழி டிரம்மில் இல்லை, தண்ணீரை ஏற்றி இறக்குவதில் இருக்கிறது.

எங்கள் வட்டாரத்தின் கதையைச் சொன்னால் இது விளங்கும். இந்தப் புல்வெளி முழுக்க ஒருகாலத்தில் நெல் வயல். கேட்டி, ஈகிள் லேக், எல் கேம்போ, பே சிட்டி எல்லாம் நெல் ஊர்கள். முதல் அறுவடை முடிந்ததும் மறுதாம்பு விட்டு இரண்டாவது வெள்ளாமை எடுப்பார்கள். அறுத்த வயலில் சிந்திய நெல்லுக்கும் தேங்கிய தண்ணீருக்கும் வெண்வாத்துகளும் ஊசிவால் வாத்துகளும் வானம் கறுக்க வந்தன. பிறகு வயல்கள் வீட்டுமனை ஆயின. வறட்சியால் 2012இல் கொலராடோ ஆற்றுப் பாசனத்தில் பெரும்பாலான நெல் வயல்களுக்குத் தண்ணீர் நிறுத்தப்பட்டது. (இது டெக்சஸுக்குள்ளேயே ஓடும் கொலராடோ ஆறு, கிராண்ட் கேன்யன் ஆறு இல்லை.) நெல் குறைந்ததும் வெண்வாத்துக் கூட்டம் வடகிழக்கே ஆர்கன்சா நெல் வயல்களுக்கு ஒதுங்கியது. இங்கே மிச்சமிருக்கும் ஒவ்வொரு குட்டையும் அதனால்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

வேடந்தாங்கலில் யாரும் தீனி போடுவதில்லை. ஏரியில் தண்ணீரும், தண்ணீரில் நிற்கும் மரமும், சுற்றி வயலும் இருந்தால் பறவை தானாக வருகிறது. அதே வழியில்தான் இங்கே வனத்துறைக்காரர்கள் நீர்நிலங்களைப் பராமரிக்கிறார்கள். வசந்தத்தில் தண்ணீரை மெதுவாக வடிக்க வேண்டும். ஒரேயடியாக இல்லை, வாரத்துக்குச் சில அங்குலம். வெளியே தெரிகிற சேற்றில் விதை போடாமலே செடி முளைக்கும். ஸ்மார்ட்வீட், நம் ஊர் ஆற்றலரியின் சொந்தக்காரச் செடி. கூடவே குதிரைவாலி இனப் புல். ஆமாம், நாம் சோறு பொங்கும் அதே குதிரைவாலியின் உறவுதான். கோடை முழுக்க வளர்ந்து கதிர் முற்றும். இலையுதிர் காலத்தில் தண்ணீரை மறுபடி கணுக்காலிலிருந்து முழங்கால் வரை ஏற்றினால் விதையும் கிடைக்கும், ஊறும் தழையில் புழு பூச்சியும் கிடைக்கும். மக்காச்சோளத்தில் இல்லாத புரதம் இதில் இருக்கிறது. தானாக முளைத்த செடி என்பதால் சட்டத்துக்கும் இது தீனி போட்ட கணக்கு இல்லை. பெரியவரின் பேரனுக்கும் தொந்தரவில்லை. ஆனால் நீங்களே விதைத்த தினையை வெட்டிச் சாய்த்துத் தண்ணீர் கட்டினால் அது தீனி. நின்ற கதிரில் தண்ணீர் கட்டினால் குற்றமில்லை.

எங்கள் கரையில் பழைய குழாய் மதகு ஒன்று இருந்தது, துரு பிடித்து. அதைச் சரிசெய்ய ஃபீடரைவிடக் கூடுதலாகச் செலவானது. குளத்துக்குச் செய்த செலவிலேயே உருப்படியானது அதுதான் என்பேன். அதற்குப் பிறகு வந்த குளிர்காலத்தில் வடகரையில் கேட்வால், தட்டைவாயன், நீலச் சிறகு டீல், ஒரு காலையில் ஊசிவால் ஜோடி ஒன்று. தட்டைவாயனும் ஊசிவாலும் மதுராந்தகம் ஏரிக்கும் வருகிற அதே இனங்கள். அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். “தீனி போட்டியா?” என்று கேட்டார். “இல்லம்மா, குதிரைவாலி.” அவருக்கு ஒரே சந்தோஷம்.

நோய் பற்றி. 2022 தொடக்கத்திலிருந்து இந்த நாட்டுக் காட்டுப் பறவைகளில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2024இல் டெக்சஸ் பால் மாடுகளுக்கே வந்தது. பல குளத்து வாத்துகளை ஒரே இடத்தில் நெருக்கி நிறுத்தினால் எச்சமும் தண்ணீரும் கலந்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். வீச்சைக் குறைவாக வைத்திருப்பது இதற்காகவும்தான். கோழி வளர்ப்பவர்கள் குளத்துப் பக்கம் போன செருப்போடு கோழிக்கூண்டுக்குள் போகாதீர்கள், தனிச் செருப்பு வையுங்கள். செத்த வாத்தைக் கண்டால் வெறுங்கையால் தொடாமல் மாநில வனவிலங்குத் துறைக்குச் சொல்லுங்கள். ஆகஸ்ட் வெயிலில் தண்ணீர் வற்றிக் கொதிக்கும் நாட்களில் பாட்யுலிசம் என்கிற இன்னொரு நஞ்சும் வரும். கழுத்து தொங்கிப்போன வாத்தைப் பார்த்தால் அதுவாக இருக்கலாம். அழுகும் தீனி அந்த நேரத்தில் குளத்தில் கிடக்கக் கூடாது. சட்டத்துக்காக ஆகஸ்டில் நிறுத்துவது வாத்தின் உடம்புக்கும் நல்லதாகவே அமைந்துவிட்டது.

வரும் பிப்ரவரியில் ஃபீடரை மறுபடி ஓடவிடுவதற்கு முன் செய்ய வேண்டியவை: பேட்டரி மாற்றணும், கூண்டுகளில் பழைய மரச்சீவலை அள்ளிப் புதிது போடணும், தட்டு விசிறும் அளவைத் திரும்ப எடை போட்டுப் பார்க்கணும். மார்ச் கடைசியில் மதகைத் திறந்து, இந்த முறை மேற்குக் கரையையும் கொஞ்சம் சரிவாக வெட்டலாம் என்று என் கணவர் சொல்கிறார். பெரியவர் தன் டிராக்டரைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.